சண்டிலிப்பாய் காரும் இரண்டு எஞ்சின்களும்

எங்கள் முதலாளிக்குப் பழைய கார் பைத்தியம். கொழும்பில் ஜவுளி வியாபாரம் செய்த அவருடைய சம்பந்திக்கும் அதே பைத்தியம். இருவரும் சந்தித்தால் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதைவிடக் கார்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். யாழ்ப்பாணத்துப் பக்கம் முப்பதுகளில் வந்த ஆஸ்டின் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று சம்பந்திக்குச் சேதி வந்ததும், கார் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேட்டார். கோயம்புத்தூரில் முதலாளியின் ஆலை இயந்திரங்களோடு அவருடைய கார்களையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அப்படித்தான் எழுபதுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் மாதம், முதல் முறையாகக் கடல் தாண்டினேன்.

கொழும்பிலிருந்து வந்த நிபந்தனை ஒன்றுதான். கார் தொழிற்சாலையிலிருந்து இறங்கியபடி இருக்க வேண்டும். கதவுப் பிடியோ விளக்கோ மாறியிருந்தால் பரவாயில்லை. எஞ்சின் மாறியிருக்கக் கூடாது. எஞ்சினின் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

யாழ்ப்பாண ஸ்டேஷனுக்கு வெளியே பேக்கரி வாசலில் நீண்ட வரிசை. பாணுக்கு நிற்கிறார்கள் என்றார் பக்கத்தில் நின்றவர். ரொட்டிக்கு வரிசையில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க்கு நிற்போம். அந்த வரிசையின் முடிவில் கறுப்பு ஆஸ்டின் நின்றது. அதில் சாய்ந்தபடி பருத்திச் சேலை உடுத்த ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"கோயம்புத்தூராலை வந்த தம்பியோ?"

"ஆமாங்க. காரை விக்கிற நடராசா சார் வரலீங்களா?"

"அவர் என்ரை அண்ணை. கொழும்பிலை வேலை. நான் பரமேஸ்வரி. ஏறுங்கோ, வெய்யில் ஏறுது."

அவரே ஓட்டினார். சாவியைத் திருப்பியதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முப்பதுகளின் ஆஸ்டின் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி முணுமுணுக்கும். இது தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"இது இந்தக் காரோட எஞ்சின் இல்லைங்களே."

"இல்லை. கவிழ்ந்துபோன ஒரு ஏ நாப்பதின்ரை எஞ்சின். நான்தான் வேண்டிப் போட்டனான்." ஏ நாற்பது என்பது ஆஸ்டினிலேயே போருக்குப் பிறகு வந்த கார்.

"எல்லாம் பழையபடியே இருக்குன்னு உங்க அண்ணா எழுதியிருந்தாரே."

"அண்ணை பொனெற்றைத் திறந்து பாத்துக் கனகாலம்," என்றார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை."

வந்த வேலை இருபது நிமிடத்தில் முடிந்துபோன மாதிரி இருந்தது. ஆனாலும் அவர்கள் வீடு இருந்த சண்டிலிப்பாய்க்குப் போனோம். இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம், வெங்காயத் தோட்டம், சிவப்பு மண். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு, வளவு என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வீட்டு மனைக்கும் பனையோலை வேலி. எங்கள் பக்கத்தில் வேலி ஆட்டைத் தடுப்பதற்கு. இங்கே அது பார்வையையும் தடுத்தது.

மதியம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கூட ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ வந்தது. மோர் என்று நினைத்துக் குடிக்கப் போனேன். தேங்காய்ப்பாலில் வைத்த சொதி. சோற்றிலோ புட்டிலோ ஊற்ற வேண்டுமாம். தேநீருக்குச் சர்க்கரை இல்லை. பனங்கட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாளில் அதுதான் சரியென்று தோன்றிவிட்டது.

பரமேஸ்வரி டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் சாவகச்சேரிப் பக்கம். இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டும் நேரத்துக்கு வராது. மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பிய அப்பா வாங்கிய கார், அவர் போனபின் அண்ணன் பெயருக்கு வந்தது. அண்ணன் கொழும்பில் இருந்ததால் தங்கை ஓட்டினார். பழைய எஞ்சின் புகை கக்கத் தொடங்கிய காலத்தில் வெளிநாட்டு உதிரிப்பாகம் வருவது நின்றுபோனது. அரியாலையில் ஒரு கராஜில் அதை இறக்கிவிட்டு, தன் காசில் ஏ நாற்பது எஞ்சினை ஏற்றினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் பள்ளிக்குப் பிந்திப் போனதில்லையாம்.

"கார் அண்ணையின்ரை. எஞ்சின் என்ரை," என்றார். கணக்கின் முதல் வரியை எழுதுகிறவர் மாதிரி.

அன்று மாலை தபால் ஆபீஸிலிருந்து கொழும்பில் இருந்த நடராசாவிடம் பேசி, எஞ்சின் மாறியிருப்பதைச் சொன்னேன். அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "பழைய எஞ்சினை எங்கையெண்டாலும் தேடிப் பிடியுங்கோ தம்பி. திருப்பிப் போட்டுக் குடுப்பம். மகனுக்கு இங்கிலாந்திலை படிக்க இடம் கிடைச்சிருக்கு. இந்தக் காரை விட்டால் எனக்கு வேறை வழியில்லை. வாற சனிக்கிழமை நான் அங்கை நிப்பன்."

வீட்டுக்குத் திரும்பி அதை டீச்சரிடம் சொன்னபோதுதான் அதன் முழு அர்த்தமும் எனக்கு உறைத்தது. பழைய எஞ்சின் கிடைக்காவிட்டால் கார் விற்காது, அவரிடமே இருக்கும். கிடைத்தால் கார் போய்விடும். இடத்துக்கு இடம் அழைத்துப் போக வேண்டியவரும் அவர்தான், அந்த எஞ்சின் யார் கைக்குப் போனது என்று கேட்டறியக் கூடியவரும் அவர்தான்.

"தேடினேன், கிடைக்கலைன்னு எழுதிடறேனுங்க," என்றேன். என் வாயிலிருந்து அப்படி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "பொய் சொல்லி எனக்கு ஒரு கார் வேண்டாம். அண்ணையின்ரை பெடியன் படிக்க வேணும். அவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தானே. நாளைக்கு விடியப் போவம். அந்த எஞ்சின் இன்னும் உயிரோடை இருக்குதோ எண்டு பாக்க எனக்கும் ஆசை."

மறுநாள் ஞாயிறு. கராஜ் பூட்டு. அதனால் முதலில் வட்டுக்கோட்டைக்குப் போனோம். பழைய கார் வைத்திருக்கிற நாலைந்து பேர் ஞாயிறுதோறும் அங்கே சிற்றம்பலத்தார் வளவில் கூடுவார்கள். சிற்றம்பலத்தார் ரயில்வேயில் பென்சன் வாங்கியவர். தகரக் கொட்டகையில் அவருடைய மோரிஸ் எட்டு என்கிற கார் நின்றது. டயர் வால்வின் மூடிகூட அதோடு வந்ததுதான் என்றார். பார்க்கவே கண்ணைப் பறித்தது. ஓட்டிக் காட்டச் சொன்னேன். டயர் தேய்ந்துவிடும், அதே டயர் இனிக் கிடைக்காது என்று மறுத்துவிட்டார்.

டீச்சரின் காரை வேலியின் படலைக் கதவுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்கள். எஞ்சின் மாற்றிய நாள் முதல் அது கூட்டத்தில் சேர்த்தியில்லை. அவர் மனிதராக உள்ளே வரலாம். கார் வரக் கூடாது.

"ரீச்சரிலை எனக்குக் கோவமில்லை," என்றார் சிற்றம்பலத்தார் என்னிடம். "ஆனால் எஞ்சின் மாத்தினால் அது வேறை வாகனம். ஒரு ஆளின்ரை இருதயத்தைக் கழட்டிப்போட்டு இன்னொருத்தன்ரை இருதயத்தை வைச்சால் அவன் அதே ஆளோ?"

அந்த நாட்களில் இருதய மாற்றுச் சிகிச்சை பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

"அப்பிடி மாத்தின ஆளை மனிசி வீட்டிலை சேர்க்காமல் விட்டவவோ?" என்றார் டீச்சர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிற்றம்பலத்தார் மட்டும் சிரிக்கவில்லை. அவரோடு விவாதிப்பது லேசான காரியம் அல்ல. டயர் மாற்றலாமா? மாற்றலாம், அது செருப்பு. பெயின்ட்? அது சட்டை. கார்புரேட்டர்? அங்கே கொஞ்சம் தயங்கினார். பல் கட்டுவது மாதிரி என்றார் கடைசியில். எங்கள் முதலாளியும் இதே பேச்சைத்தான் பேசுவார். ஆனால் பேசிக்கொண்டே தனக்கு வேண்டியதை மாற்றிக்கொள்வார். சிற்றம்பலத்தார் தன் சட்டத்துக்குத் தானும் கட்டுப்பட்டவர். பஸ்ஸில்தான் போய்வந்தார்.

பழைய எஞ்சினைத் தேடுகிறோம் என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப அது திரும்பி வருமோ?" என்று எழுந்தே நின்றார். தொலைந்த பிள்ளையைப் பற்றிக் கேட்கிற குரல் அது.

திங்கட்கிழமை அரியாலை. கடல்நீரேரிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடிதான் கராஜ். பாலன் என்கிற மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, பழைய எஞ்சினைப் பருத்தித்துறைக்காரர் ஒருவர் வாங்கிப் போனதாகச் சொன்னார்.

"பேர் தங்கவடிவேல். வள்ளத்திலை பூட்டினவர்."

"வள்ளத்துலயா? உப்புத் தண்ணி தின்னுருக்குமே," என்றேன்.

"அந்தாள் பூட்டின எஞ்சினை உப்பு தின்னாது. உப்புக்கு அவரிலை பயம்," என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்றே பருத்தித்துறைக்குப் புறப்பட்டோம். வழியில் வல்லை வெளி. மரம் இல்லை, வீடு இல்லை, காற்று மட்டும். நடு வெளியில் கார் இருமிவிட்டு நின்றது. நான் இறங்கி, தகுதிக்கு ஏற்றபடி பொனெட்டைத் திறந்து, தீப்பொறி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். டீச்சர் மறுபக்கம் வந்து பெட்ரோல் குழாயைக் கழற்றி, வாயை வைத்து ஊதி, துப்பினார்.

"உது அடிக்கடி அடைக்கும். பெற்றோல் வாசம் ரெண்டு நாளைக்குப் புட்டிலையும் மணக்கும்."

நாங்கள் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தட்டிவான் எங்களைக் கடந்தது. பலகையால் உடல் செய்து, பக்கங்கள் திறந்த பழைய வண்டி. கூரையில் சைக்கிள்களும் வாழைக்குலைகளும், பின்னால் தொங்கியபடி நாலைந்து பேர். முகம் ஒரு கம்பெனி, சக்கரம் வேறொன்று, எஞ்சின் எதுவென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"ரீச்சர், இழுக்க வேணுமோ?" என்று டிரைவர் கத்தினார்.

"வேண்டாம், நீ உன்ரையைப் பாத்துக் கொண்டுபோ!"

பருத்தித்துறையில் தட்டை வடை வாங்கிக் கொறித்தோம். எங்கள் ஊர்த் தட்டுவடையைவிடக் கனமானது, காரமும் அதிகம். கடற்கரையில் தங்கவடிவேலைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. ஐம்பது வயது, குள்ளம். வள்ளத்தின் எஞ்சின் பெட்டியைத் திறந்து காட்டியபோது நான் எதிர்பார்த்தது துரு. இருந்தது எண்ணெய் பூசிய கறுப்பு இரும்பு. எஞ்சினின் பக்கவாட்டில் ஆணியடித்த சிறு பித்தளைத் தகடு மட்டும் பச்சை பூத்திருந்தது.

டீச்சர் தேசிக்காய் என்கிற எலுமிச்சை ஒன்று வாங்கி வரச் சொல்லி, பாதியை வெட்டித் தகட்டைத் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. காகிதத்தை எடுத்து ஒப்பிட்டேன். அதே எண். டீச்சர் விரல் நுனியால் தகட்டை இன்னொரு முறை துடைத்தார்.

தங்கவடிவேல் கயிற்றைச் சுற்றி இழுத்தார். இரண்டாம் இழுப்பில் பிடித்தது. தையல் மிஷின் முணுமுணுப்பு. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்.

"இது உங்கடை ஐயாவின்ரை காரிலை இருந்தது எண்டு தெரிஞ்சுதான் வேண்டினனான் ரீச்சர்," என்றார் சத்தத்துக்கு மேலே. ஐயா என்றால் அங்கே அப்பா. "நாங்கள் சின்னப் பெடியளாய் இருக்கேக்கை அந்தக் கார் இஞ்சை துறைமுகத்தடிக்கு வரும். பின்னாலை ஓடுவம். கிட்டப் போனால் கையை ஓங்குவார். தொட விடமாட்டார்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேந்து எஞ்சினே எனக்கு வந்திட்டுது," என்று அவர் சிரித்தார். "ஒருக்காப் புயலுக்குள்ளை மாட்டி, திரும்பி வராது எண்டு கரையிலை அழத் தொடங்கிட்டினம். இதுதான் கொண்டுவந்து சேர்த்தது."

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்தினார். அலைச் சத்தம் திரும்பி வந்தது.

"இனி எனக்கு டீசல் எஞ்சின் வருகுது. மீன்பிடிச் சங்கத்தாலை ஒழுங்கு பண்ணியாச்சு. ஆனால் தாறதெண்டால் உங்களிட்டைத் தரமாட்டன் தம்பி. ரீச்சர் கேட்டால் தாறன்."

என் பார்வை தானாக டீச்சரிடம் போனது. அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதில் பொய் எதுவும் இல்லை. நான் அப்படியே எழுதி அனுப்பியிருப்பேன். அவர் கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். சேலைத் தலைப்பு காற்றில் அடித்துக்கொண்டது.

"தாங்கோ," என்றார்.

"ஒரு விருப்பம் இருக்கு. காரிலை பூட்டி முதல் ஓட்டம் ஓடேக்கை நானும் ஏற வேணும்," என்றார் தங்கவடிவேல்.

"முன்னாலை ஏறுங்கோ," என்றார் டீச்சர்.

திரும்பும் வழியில் வல்லை வெளியில் அந்தக் குழாய் மறுபடியும் அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அடைக்கவில்லை, அன்று கார் அருமையாக ஓடியது.

அடுத்த சில நாட்கள் அரியாலை வேப்பமரத்தடியில் கழிந்தன. தங்கவடிவேல் எஞ்சினை டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். டீச்சர் வீட்டில் சாக்கில் சுற்றிக் கிடந்த பழைய கியர் பெட்டியும் வந்தது. ஏ நாற்பது எஞ்சினைக் கழற்றி, சங்கிலியில் கட்டி, கிளையில் தொங்கவிட்டோம். சேதி கேட்டு வட்டுக்கோட்டையிலிருந்து சிற்றம்பலத்தார் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆணியையும் சரியானதுதானா என்று விசாரித்தார். பாலன் பொறுமையானவர், மூன்றாம் நாள் மட்டும் வேண்டுமென்றே கதிரைக்கு அருகில் எண்ணெயைக் கொட்டினார்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததில் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. மேல்மூடி வேறொரு காருடையது. பிஸ்டன்கள் எங்கேயோ வார்த்தவை. வால்வுகளில் பாதி தங்கவடிவேல் தானே கடைந்தவை. எண் தகடு இருந்த இரும்பு உடல் மட்டும்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது. சிற்றம்பலத்தாரிடம் காட்டினேன். பல் கட்டினது மாதிரி என்றார், ஆனால் இந்த முறை குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

தொங்கிக்கொண்டிருந்த ஏ நாற்பது எஞ்சினின் கீழே டீச்சர் நின்று அண்ணாந்து பார்ப்பதை அடிக்கடி கவனித்தேன். ஒரு மத்தியானம் கராஜின் பின்புறம் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"பாலன், உந்தப் பச்சைக் கார் ஆரின்ரை?"

ஓடு மட்டும் எஞ்சிய ஏ நாற்பது ஒன்று அங்கே கிடந்தது. வாடகைக்கு ஓடிய வண்டி. எஞ்சின் எரிந்துபோய் விட்டுவிட்டுப் போனார்களாம். பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டிருந்தன.

"சொந்தக்காரன் எனக்கே எழுதித் தந்திட்டான் ரீச்சர். இனிக் கோழியளிட்டைத்தான் கேக்க வேணும்."

டீச்சர் கதவைத் திறந்து, கோழியை ஒதுக்கிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாத முன்பக்கத்தின் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார். அந்தப் பயணத்தில் அவர் பல்தெரியச் சிரித்ததை அப்போதுதான் கண்டேன்.

சனிக்கிழமை ஆஸ்டின் பழைய எஞ்சினோடு உயிர்பெற்றது. தங்கவடிவேல் வெள்ளைச் சட்டையும் சால்வையுமாக வந்திருந்தார். முன் சீட்டில் டீச்சருக்குப் பக்கத்தில் அவர். பின்னால் சிற்றம்பலத்தாரும் நானும். கார் மெதுவாகப் போனது. சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். சிற்றம்பலத்தார் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். தங்கவடிவேல் ஒரு கையைக் கதவின் வெளிப்புறத்தில் வைத்திருந்தார். சண்டிலிப்பாய் வரும்வரை எடுக்கவே இல்லை.

படலையில் நடராசா நின்றார். காலை ரயிலில் வந்திருக்கிறார். கார் திரும்பும் சத்தம் கேட்டதும் அவர் அசையாமல் நின்றார். எஞ்சின் நிற்கும்வரை அவர் கண் பொனெட்டில்தான் இருந்தது.

"ஐயா வாறமாதிரிக் கிடக்கு," என்றார். பிறகு, "ஆர் உதை இவ்வளவு வடிவா வைச்சிருந்தது?"

"இவர்," என்றார் டீச்சர்.

முன் சீட்டில் இருந்து இறங்கியவரை நடராசா அப்போதுதான் பார்த்தார். கடற்கரை ஆள் என்று தெரிந்திருக்க வேண்டும்; ஒரு கணம் தாமதம் இருந்தது. பின் படலையை அகலத் திறந்து, "உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

"இல்லை ஐயா. வள்ளத்திலை புது எஞ்சின் பூட்ட வேணும். பேந்து ஒரு நாள் வாறன்," என்று தங்கவடிவேல் கைகூப்பினார். காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார். நடராசா படலையைப் பிடித்தபடியே அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கொழும்பில் இருந்த முதலாளியின் சம்பந்தியிடம் பேசினேன். மேல்மூடி, பிஸ்டன், வால்வு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"எண் சரியா?" என்றார் சம்பந்தி.

"சரிங்க. ஆனா உள்ளே..."

"எண் சரிதானே?"

"சரிதானுங்க."

"அப்படின்னா டிரைவரை அனுப்பறேன்."

இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிய்த்தபடியே நடராசா கேட்டார்: "பரமேசு, நீ பள்ளிக்கூடத்துக்கு என்னெண்டு போவாய்?"

"காரிலை."

"எந்தக் காரிலை?"

"பாலன் பூட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் பெடியனை அனுப்புற அலுவலைப் பாருங்கோ அண்ணை." சொதிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார். நடராசா வாங்கிக்கொண்டார். அதற்குமேல் அங்கே எந்தச் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. சாப்பிட்டோம்.

ஆஸ்டினை எடுக்கக் கொழும்பு டிரைவர் வந்தபோது டீச்சர் வீட்டில் இல்லை. அரியாலையில் பச்சைக் காருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார். வழியில் எங்கும் நிற்காமல், ஆனால் ஆமை வேகத்தில், கார் கொழும்பு போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். சம்பந்தி அதைக் கூடத்துக்குப் பக்கத்தில் தனிக் கொட்டகை போட்டு நிறுத்தினாராம். பித்தளைத் தகட்டுக்கு மட்டும் தினமும் பாலீஷ்.

பச்சைக் காரை முதலில் வந்து பார்த்தவர் சிற்றம்பலத்தார்தான். பொனெட்டைத் திறக்கச் சொல்லி, குனிந்து, எஞ்சினையும் உடலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏ நாப்பதுக்குள்ளை ஏ நாப்பது எஞ்சின். சரிதான். ஆனால் நம்பர் பிழை."

"அப்ப உள்ளை விடுவியளோ, படலைக்கு வெளியிலையோ?" என்றார் டீச்சர்.

சிற்றம்பலத்தார் பொனெட்டை மெதுவாக மூடினார். "பாதி உள்ளை விடலாம்," என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, தீர்ப்பாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் புறப்படவேண்டிய நாளில் ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. ரயில் பகலில்தான். பள்ளிக்கூடத்தடியில் இறக்கிவிடுகிறேன், அங்கிருந்து பஸ் உண்டு என்றார் டீச்சர். பச்சைக் காரில் அவருடைய புத்தகக் கட்டோடு என் பெட்டியும் ஏறியது. ஒரு கதவு மூடவில்லை, கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே இன்னும் கோழி வாடை. ஆனால் சாவியைத் திருப்பியதும் அதே தொண்டைச் செருமல். ஸ்டேஷன் வாசலில் முதல் நாள் கேட்ட அதே பேச்சு. கண்ணை மூடிக்கொண்டால் நான் ஏறிய கார் மாறவே இல்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கோயில் மதில் திரும்புகிறது. அதைத் தாண்டாமல் பள்ளிக்கூடம் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் நாங்கள் தெரிய மாட்டோம். மதில் திருப்பத்தில் டீச்சர் கியரைக் குறைத்தார். எஞ்சின் ஒரு முறை உறுமியது. அந்தப் பக்கமிருந்து பெண்பிள்ளைகளின் குரல்கள் கேட்டன.

"ரீச்சர் வாறா! ரீச்சர் வாறா! உள்ளை ஓடுங்கோடி!"

திரும்பினோம். காவல்காரர் வாசல் கேட்டை முழுதாகத் திறந்து பிடித்தபடி நின்றார். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வகுப்புகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கார் கண்ணில் பட்டதும் காவல்காரரின் வாய் திறந்தது. காரை ஒரு தரம் பார்த்தார், உள்ளே இருந்தவரை ஒரு தரம் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் நின்று திரும்பினார்கள்.

"என்ன மாணிக்கம், வழியை விடும்," என்றார் டீச்சர்.

"உங்கடை கார்ச் சத்தம் எண்டு திறந்திட்டன் ரீச்சர்," என்றார் அவர் குழம்பியபடி.

"என்ரை கார்தான்," என்றார் டீச்சர்.

மரநிழலில் நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து என்னை இறக்கிவிட்டார். பஸ் எங்கே நிற்கும் என்று கை காட்டினார். போய்வருகிறேன் என்றேன். "ஓம், போட்டு வாங்கோ," என்றார். மணி அடித்தது. புத்தகக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் வேகமாக நடந்தார்.